வேலை ஓய்ந்த பின்னும் கற்கலாம்: கிராமத்து மூத்தோருக்கு வாரம் இரு நாள் கூட்டம்

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கு ஓய்வு பெறும் நாள் முன்கூட்டியே தெரியும். விவசாயிக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. ஒரு சம்பாவில் நாற்றுக் கட்டைத் தூக்க முடியாமல் போகிறது. அடுத்த ஆண்டு வரப்பில் நடக்கக் கால் தடுமாறுகிறது. அதற்கும் அடுத்த ஆண்டு நிலத்தை மகன் பார்த்துக் கொள்கிறார் அல்லது குத்தகைக்குப் போய் விடுகிறது. பெரியவர் திண்ணைக்கு வந்து விடுகிறார்.

புதுச்சேரியை அடுத்த அபிஷேகப்பாக்கம் போன்ற ஊர்களில் இத்தகைய மூத்தோர் பல வகையினர். நெல்லும் கரும்பும் பயிரிட்டவர்கள், நடவும் களையெடுப்பும் செய்த பெண்கள், புதுச்சேரி பஞ்சாலைகளுக்குச் சைக்கிளில் போய் வந்தவர்கள், ஆசிரியராகவும் அலுவலராகவும் இருந்து ஓய்வு பெற்றவர்கள் என எல்லாரும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 2020இல் மூடப்பட்ட பிறகு வீட்டோடு இருந்து விட்டவர்களும் உண்டு. இவர்களுக்குச் சோறும் மருந்தும் கிடைத்தால் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கூடிப் பேசவும், புதிதாக ஒன்றைக் கற்கவும், தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கவும் ஓர் இடம் இல்லாவிட்டால் பெரியவர் விரைவில் தளர்ந்து விடுகிறார். அந்த இடத்தை அதிகச் செலவில்லாமல் ஊரே அமைத்துக் கொள்ள முடியும்.

தனிமையால் வரும் கேடு

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 10 கோடியே 38 லட்சம் பேர். இவர்களில் நூற்றுக்கு 71 பேர் கிராமங்களில் வாழ்ந்தனர். தமிழ்நாட்டு மக்களில் 10.4 சதவீதத்தினர் இந்த வயதினர். இளைஞர்கள் வேலை தேடி வெளியூர் செல்லும் கிராமங்களில் பெரியவர்கள் மட்டுமே உள்ள வீடுகள் பெருகி வருகின்றன.

மறதி நோயைப் பற்றி ஆராய்ந்த பன்னாட்டு மருத்துவர் குழு ஒன்று 2024இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அந்நோயைத் தூண்டும் காரணங்களில் மனிதரால் மாற்றக்கூடியவை 14 என்று அது கூறுகிறது. யாருடனும் பழகாமல் தனித்திருத்தல், கவனிக்காமல் விட்ட காது மந்தம், சரிசெய்யாத பார்வைக் குறை, உடல் அசைவின்மை ஆகியவை அவற்றில் அடங்கும். இந்த நான்கையும் ஓரளவு தடுக்க ஊரில் நடக்கும் ஒரு கூட்டம் உதவும்.

இப்பகுதிக்குப் புதிதல்ல

புதுச்சேரி வட்டாரத்தில் வயது வந்தோர் கல்வி புதிய செய்தியல்ல. பாகூரில் இருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்டதை, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடு தெரிவிக்கிறது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. பள்ளியைப் பார்த்திராத உழவர்களும் அங்கே பயிற்சி பெற்றனர். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் அறிவொளி இயக்கம் வீதி வீதியாக எழுத்தறிவித்தது.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து எம்பலம் முதலிய கிராமங்களில் தகவல் மையங்களைத் திறந்தது. சந்தை விலை, வானிலை, அரசுத் திட்டங்கள் ஆகிய செய்திகள் கணிப்பொறி வழியே கிராமத்துக்கு வந்தன. எம்பலத்தில் அந்த மையத்தை ஊர்ப் பெண்களே நடத்தினர். ஊரில் ஓர் இடமும், பொறுப்பேற்கச் சிலரும் இருந்தால் கல்வி நடக்கும் என்பதற்கு இவை சான்று. மூத்தோருக்கென்றே தனியாக ஏற்பாடு செய்வதுதான் இனி ஆக வேண்டியது.

பாட்டிமார் பள்ளி

மகாராஷ்டிர மாநிலம் தாணே மாவட்டத்தில் பாங்கணே என்ற சிற்றூர் உள்ளது. அங்கே யோகேந்திர பாங்கர் என்ற ஆசிரியரின் முயற்சியால் 2016 மார்ச் 8 அன்று பாட்டிமார் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. பிறர் படிக்கக் கேட்டுக் கொண்டிருந்த மூதாட்டிகள் தாமும் படிக்க வேண்டும் என்று விரும்பியதே அதற்குக் காரணம். 60 முதல் 90 வயது வரையான பெண்கள் இளஞ்சிவப்புச் சேலை உடுத்தி, பலகையும் பையுமாக வந்தனர். வீட்டு வேலையும் வயல் வேலையும் முடிந்த பிறகு, பிற்பகலில் இரண்டு மணி நேரம் வகுப்பு. மாணவிகளில் ஒருவரின் மருமகளே ஆசிரியை. வீட்டுப்பாடத்துக்குப் பேரப் பிள்ளைகள் துணை.

கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயனி அம்மா 2018இல் தமது 96ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100க்கு 98 மதிப்பெண் வாங்கினார். வயதானால் எழுத்து ஏறாது என்ற எண்ணத்துக்கு இவர்கள் இடம் வைக்கவில்லை.

பிரான்சில் துலூஸ் நகரில் 1973இல் பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியர் ஓய்வு பெற்றவர்களுக்கான பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். 1982 முதல் பிரிட்டனில் இதே எண்ணம் வேறு வடிவம் எடுத்தது. அங்கே தனி ஆசிரியர் இல்லை, தேர்வு இல்லை, பட்டமும் இல்லை. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லித் தருகிறார்கள். கிராமத்துக்கு ஏற்றது இந்த முறையே. ஓய்வு பெற்ற ஆசிரியர் எழுத்துக் கற்றுத் தரலாம். ஆலையில் இருந்தவர் மோட்டார் பழுது பார்ப்பதைக் காட்டலாம். நடவு நட்ட அம்மாள் தாலாட்டும் நடவுப் பாட்டும் கற்பிக்கலாம். ஏரியின் மதகும் முறைப் பாசனமும் அறிந்த பெரியவர், எந்தக் கண்ணுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்பதை இளைஞர்களுக்கு எழுதி வைக்கலாம். புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உள்ளன. அவற்றைப் பற்றி முதியவர் மனத்தில் உள்ள கணக்கு எழுதப்படாவிட்டால் அவரோடு போய் விடும்.

கடலூர்ப் பக்கத்து அனுபவம்

2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் ஹெல்ப்ஏஜ் இந்தியா நிறுவனம் தமிழகக் கடற்கரை ஊர்களில் முதியோர் சுயஉதவிக் குழுக்களை அமைத்தது. நிவாரணமும் கடனும் இளையவர்களையே சென்றடைந்த நேரத்தில், முதியோரே 10 முதல் 20 பேராகக் கூடி, சிறு தொகை சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கினர். ஆடு வளர்ப்பு, மீன் விற்பனை, சிறு கடை என்று சொந்த வருமானமும் தேடிக் கொண்டனர். அபிஷேகப்பாக்கத்தை அடுத்துள்ள கடலூர் மாவட்டத்தில் இதே நிறுவனத்தின் தாமரைக்குளம் முதியோர் கிராமமும் உள்ளது. குழுவின் பெரிய பயன் பணம் மட்டுமல்ல. வாரம் ஒரு முறை கூடும்போது வராதவர் யார் என்பது தெரிந்து விடும். உடனே ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்.

கூட்டம் தொடங்கும் முறை

முதலில் பத்துப் பேர் போதும். ஊர் முழுவதையும் சேர்க்கக் காத்திருக்க வேண்டாம். இடம் எல்லாத் தெருவினரும் தயங்காமல் வந்து உட்காரக் கூடியதாக இருக்க வேண்டும். கோயில் மண்டபமானால் சிலர் வரத் தயங்குவர். பள்ளிக் கட்டடம், சமுதாயக் கூடம், உழவர் உதவியகம் ஆகியவை நல்லவை. பள்ளி நேரம் முடிந்த பிறகு இடத்தைப் பயன்படுத்தத் தலைமை ஆசிரியரிடமும் கொம்யூன் பஞ்சாயத்திலும் எழுத்து மூலம் அனுமதி பெறுவது நல்லது. படி ஏறாமல் நுழையும் வழி, குடிநீர், கழிப்பறை, சாய்மானமுள்ள நாற்காலி ஆகியவை அவசியம்.

வாரம் இரண்டு நாள், மாலை 4 மணி முதல் 6 மணி வரை என்று நேரத்தை உறுதியாக வைக்க வேண்டும். நாளும் நேரமும் மாறினால் ஆள் குறைந்து விடும். நடவு, அறுவடைக் காலங்களில் ஒரு நாளாகக் குறைத்துக் கொள்ளலாம். பேரப் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ளும் பாட்டிமார் பிள்ளைகளோடு வர அனுமதிக்க வேண்டும். இல்லாவிட்டால் பெண்கள் வர மாட்டார்கள்.

இரண்டு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் கால் மணி நேரம் நடையும் எளிய உடற்பயிற்சியும். அடுத்த அரை மணி நேரம் செய்தித்தாள் வாசிப்பு. படிக்கத் தெரிந்தவர் படிக்க, மற்றவர்கள் கேட்டுக் கருத்துச் சொல்லலாம். அதன் பின் முக்கால் மணி நேரம் ஒரு பாடம். கடைசி அரை மணி நேரம் பாட்டு, கதை, பல்லாங்குழி, தாயம். அரசியல் கட்சிப் பேச்சும், ஊர்ப் பகையும், வீட்டு வழக்கும் கூட்டத்துக்குள் வரக்கூடாது என்று முதல் நாளே முடிவு செய்து கொள்ள வேண்டும்.

கையெழுத்திடும் முன்

முதலில் கற்க வேண்டிய பாடம், தமக்கு நீட்டப்படும் காகிதத்தைப் படிப்பது. வங்கிப் புத்தகம், பட்டா, சிட்டா, நிலப் பத்திரம் ஆகியவற்றில் உள்ள பெயர், சர்வே எண், பரப்பு ஆகியவற்றையாவது அடையாளம் காணத் தெரிய வேண்டும்.

வயதான விவசாயி பிள்ளைகளுக்கு நிலத்தை எழுதி வைப்பது வழக்கம். எழுதிக் கொடுத்த பின் கவனிப்பாரின்றித் தவித்தவர்களும் உண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதற்குப் பாதுகாப்புத் தருகிறது. தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்க மறுத்தால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். ஆனால் அந்த நிபந்தனை பத்திரத்திலேயே தெளிவாக எழுதப்பட்டிருப்பதுதான் நல்லது. வாய்ப் பேச்சை நம்பிக் கைநாட்டு வைத்தால் பின்னர் நிரூபிப்பது கடினம். பத்திரத்தைக் கூட்டத்தில் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பின் கையெழுத்திடுவது பாதுகாப்பானது.

கைப்பேசியும் அவ்வாறே. வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி ரகசிய எண் கேட்பவருக்கு எதுவும் சொல்லக்கூடாது. ஏமாந்து பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். முதியோருக்கான உதவி எண் 14567. இவ்விரண்டு எண்களையும் கூட்ட இடத்தின் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம்.

விதை சோதிக்கும் வேலை

மூத்தோர் கூட்டம் ஊர் விவசாயத்துக்கும் பயன்படலாம். விதைப்புக்கு முன் நெல் விதையின் முளைப்புத் திறனைச் சோதிப்பது உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை. விதை மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடங்களிலும் எடுத்துக் கலந்த விதையிலிருந்து 100 விதைகளைப் பொறுக்காமல் எண்ணி எடுக்க வேண்டும். நனைத்துப் பிழிந்த சாக்கின் மேல் வரிசையாக அடுக்கிச் சுருட்டி நிழலில் வைத்து, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வர வேண்டும். ஒரு வாரம் கழித்து எண்ணத் தொடங்கி, 14 நாளில் முடிக்கலாம். 80க்குக் குறையாமல் நன்றாக முளைத்தால் விதை நல்லது.

உப்புக் கரைசலில் விதையைத் தெளிவு செய்வதையும் பெரியவர்கள் காட்டலாம். 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிலோ சமையல் உப்பைக் கரைத்து விதையைப் போட்டால் பதரும் அரைவயிறும் மிதக்கும். அவற்றை நீக்கி, மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு, மூன்று முறை கழுவ வேண்டும். முடிவுகளை நோட்டில் எழுதி வைத்தால், எழுத்துக் கற்பவருக்கு அதுவே பயிற்சி.

கண்ணும் காலும்

வெள்ளெழுத்துள்ளவருக்குக் கண்ணாடி இல்லாமல் பாடம் நடத்துவது வீண். கூட்டம் தொடங்கியதும் எல்லாரும் கண் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும். கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்கி வருகிறது. கண்புரை இருந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போட வேண்டியதில்லை.

65 வயதைக் கடந்தவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. கீழே விழாமல் இருக்க, நிலை தடுமாறாமல் நிற்கும் பயிற்சியை வாரம் மூன்று நாள் செய்வது நல்லது. நாற்காலியைப் பிடித்துக் கொண்டு ஒற்றைக் காலில் சிறிது நேரம் நிற்பது எளிய முறை. நெஞ்சு நோய், மூட்டு வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

பணம் பிறகு

முதல் மூன்று மாதம் பணம் வசூலிக்க வேண்டாம். கூட்டம் நிலைத்த பின் சிறு சேமிப்பைத் தொடங்கி, கணக்கை மாதந்தோறும் எல்லார் முன்னிலையிலும் படிக்க வேண்டும். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் விதிகளில் முதியோருக்கான சிறப்புக் குழுவை 5 பேரைக் கொண்டும் அமைக்க இடமுண்டு. விவரங்களை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டறியலாம். வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எழுதினால் பயிற்சி பற்றிய விவரம் கிடைக்கும்.

வீட்டிலுள்ள இளையவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே. கூட்டம் உள்ள நாளில் மாலை 4 மணிக்குப் பெரியவருக்கு வேறு வேலை சொல்லாமல், கண்ணாடியையும் கைத்தடியையும் எடுத்துக் கொடுத்து அனுப்பி வைக்க வேண்டும். நடக்க முடியாதவரைச் சைக்கிளிலோ வண்டியிலோ கொண்டு போய் விடலாம். சம்பா நடவு முடிந்து கை ஓய்ந்திருக்கும் நாட்கள் இதைத் தொடங்க ஏற்றவை.