குறைத்துச் சாப்பிட்டால் அழற்சி தணியுமா?

உணவைக் குறைத்தால் உடம்பின் அழற்சி தணியும் என்று சொல்லும் விளம்பரங்கள் ஆய்வைச் சான்று காட்டுகின்றன. அந்த ஆய்வு யார்மீது நடந்தது என்பதை மட்டும் சொல்வதில்லை. அமெரிக்காவில் நடந்த ‘கேலரி’ (CALERIE) ஆய்வில் சேர்ந்தவர்கள் உடற்பருமன் இல்லாத, ஆரோக்கியமான 200-க்குச் சற்று மேற்பட்டோர். அவர்களில் ஒரு பிரிவினரிடம் இரண்டு ஆண்டுகளுக்கு 25 சதவீதம் கலோரியைக் குறைக்கச் சொன்னதில், அவர்களால் குறைக்க முடிந்தது சராசரியாக 12 சதவீதம்தான். அதற்கே சி-ரியாக்டிவ் புரதம் உள்ளிட்ட அழற்சிக் குறியீடுகள் இறங்கின. இது மதிக்கவேண்டிய முடிவு. ஆனால் அவர்களுக்குச் சத்து மாத்திரையும் உணவியல் வல்லுநரின் கண்காணிப்பும் இருந்தன. அப்படியிருந்தும் இடுப்பு, முதுகெலும்புப் பகுதிகளில் எலும்பின் அடர்த்தி குறைந்தது. ஏற்கெனவே எலும்பு தேய்ந்த அறுபது வயதுப் பெண்ணுக்கு அதே யோசனையை விற்பது எந்த வகையில் நியாயம்?

அழற்சி என்பது நோய் மட்டுமல்ல, கிருமியை எதிர்க்கும் காவலும் அதுதான். 2023-இல் வெளியான எலி ஆய்வொன்றில், பட்டினியின்போது மோனோசைட் என்னும் வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து எலும்பு மஜ்ஜைக்குத் திரும்பின. மறுபடி உணவு கிடைத்ததும் பெருங்கூட்டமாக வெளியேறின. அதன்பின் நுரையீரல் தொற்று வந்த எலிகளின் நிலை மோசமானது. எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் உணவுக்கும் தொற்றுக்கும் உள்ள தொடர்புக்கு மனிதர்களிடமே கிடைத்த சான்றும் உண்டு. சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் பங்கேற்று ஜார்க்கண்டில் நடந்த ஆய்வில், காசநோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவு கொடுத்ததும் அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. போதுமான உணவே இல்லாதவரிடம் போய்க் குறைத்துச் சாப்பிடு என்பது ஆபத்தான அறிவுரை.

முடக்குவாதக்காரர்களுக்கு உண்ணாநோன்பு உதவியதே என்று கேட்கலாம். உதவியது உண்மை. 1991-இல் வெளியான நார்வே ஆய்வில் வலியும் வீக்கமும் தணிந்தன. ஆனால் அங்கே குறுகிய நோன்பை அடுத்து ஓராண்டு சைவ உணவுத் திட்டம் தொடர்ந்தது. நோன்பு மட்டுமே அந்தப் பலனைத் தந்தது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தவும் அது உரிமம் தரவில்லை. ஏகாதசி விரதம் காலங்காலமாக இருக்கிறதே என்பார்கள். ஒரு நாள் விரதத்தைப் பலர் தாங்கிக்கொள்வார்கள். ஆனால் இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் அளவை மாற்றாமல் பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயங்கி விழக்கூடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் ஆகியோருக்கு இந்தச் சோதனையே வேண்டாம்.

விலை கொடுத்து வாங்கிய உணவுத் திட்டமோ சத்துப் பவுடரோ பொய் வாக்குறுதியுடன் விற்கப்பட்டிருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு; உரிய கவனத்துடன் சரிபார்க்காமல் பொருளைப் பரிந்துரைக்கும் பிரபலமும் தப்ப முடியாது. விளம்பரத்தின் படம், ரசீது, பணம் கட்டிய விவரம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்திக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். இழப்பீடு கோரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால், பாதிப்பு ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.