செம்பும் அதன் தோலும்

இங்கிலாந்தில் 1948-இல் வெளிவந்து 1971 வரை உற்பத்தியான மோரிஸ் மைனர், மலாயாவில் பல குடும்பங்களுக்கு முதல் கார். பினாங்கில் இன்றும் அதைப் பேணி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பானட்டைத் திறந்தால் நடுவில் சிறிய எஞ்சின், இருபுறமும் கை நுழைய தாராளமான இடம். அந்த இடம் இப்போது காலியாக இருப்பதில்லை. தொழிற்சாலையில் போட்ட வயர்க்கட்டு எங்கோ அடியில் கிடக்கும். அதன் மேல் ரேடியோவுக்காக ஒருவர் இழுத்த சிவப்பு வயர், ஹார்னுக்காக இன்னொருவர் இழுத்தது, அலாரத்துக்காக மூன்றாமவர் இழுத்தது. இரண்டு நுனிகளை முறுக்கி டேப் சுற்றிய முடிச்சுகள். வெப்பத்தில் டேப்பின் பசை இளகி வழிந்து, தூசியைப் பிடித்து வைத்திருக்கும்.

எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அதற்கு முன் இந்த வயர் எதனால் ஆனது, அதில் எது கெட்டது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பதில் நம் பால்மரத் தோட்டங்கள் வரை போகிறது.

கெட்டது செம்பு அல்ல. மின்சாரம் ஓடி ஓடிக் கம்பி தேய்வதில்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள கம்பியில் முகப்பு விளக்குக்காக 5 ஆம்பியர் ஓடும்போது, உள்ளே எலெக்ட்ரான்கள் நகரும் வேகம் விநாடிக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டு மீட்டர் வயரை ஓர் எலெக்ட்ரான் கடக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகும். சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிவது, கம்பி முழுக்க ஏற்கெனவே நிறைந்திருக்கும் எலெக்ட்ரான்கள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே நொடியில் அசையத் தொடங்குவதால்தான். இந்த ஆமை நடையில் செம்புக்கு ஒரு கேடும் வராது. கெடுவது அதன் தோலும் அதன் மூட்டுகளும்.

மைனரின் ஆரம்பகால வயர்களில் செம்பு இழைகளைச் சுற்றி ரப்பர், ரப்பரைச் சுற்றி நிறம் ஏற்றிய பருத்தி நூல் பின்னல். 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குப் போன ரப்பர் விதைகளின் நாற்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றின் வழிவந்த மரங்கள்தான் சில பத்தாண்டுகளில் செபராங் பிறை, கெடா, பேராக் என்று காடு காடாக நின்றன. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர்கள் விடியுமுன் எழுந்து பால் வெட்டினார்கள். பொழுது ஏறி வெயில் உறைத்தால் பால் வடிவது குறைந்துவிடும். அந்தப் பாலை ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் தட்டையாக்கி, புகையில் உலர்த்திக் கப்பலேற்றினார்கள். மேற்கே அது டயராயிற்று, குழாயாயிற்று, கம்பிக்குத் தோலும் ஆயிற்று.

பச்சை ரப்பர் சூட்டில் பிசுபிசுக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே பாலங்கள் விழுந்து அது உறுதிப்படும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ரப்பரில் எஞ்சிய கந்தகம் செம்பைத் தின்று கருப்பாக்கும். செம்பும் சும்மா இருப்பதில்லை. சுவடளவு செம்பு ரப்பருக்குள் கலந்தாலே ஆக்சிஜன் ரப்பரை அழிக்கும் வேகம் பலமடங்கு கூடிவிடும். ரப்பர் முதலில் இளகும், பிறகு இறுகி வெடிக்கும். இப்படி ஒன்றையொன்று கெடுக்கும் இரண்டையும் ஒட்டி வைத்தால்தான் வயர் கிடைக்கும் என்ற நிலையில், அந்தக் கால உற்பத்தியாளர்கள் நடுவில் ஒரு மெல்லிய வெள்ளீயப் பூச்சைக் கொடுத்தார்கள். பழைய வயரைச் சீவினால் செம்பு வெள்ளி நிறமாகத் தெரிவது அதனால்தான்.

வெள்ளீயத்துக்கும் பினாங்குக்கும் உள்ள உறவை இங்கே சொல்லாமல் போக முடியாது. உலகிலேயே அதிகமாக வெள்ளீயம் எடுத்த நாடாக மலாயா நெடுங்காலம் இருந்தது. பேராக்கின் தாது வந்து உருகிய இடங்களில் ஒன்று ஜார்ஜ்டவுனின் டத்தோ கிராமாட் சாலையிலிருந்த ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் உருக்காலை. மற்றொன்று கடலைக் கடந்தால் பட்டர்வொர்த்தில். இன்னும் பின்னோக்கிப் போனால், 1870-71-இல் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் கடலடியில் இணைத்த தந்திக் கம்பி இருக்கிறது. அதன் செம்புக்குத் தோலாக அமைந்தது இந்தத் தீபகற்பத்துக் காட்டு மரங்களின் பாலான கட்டாப்பெர்ச்சா. மின்சாரம் வழியில் கசியாமல் ஊர் விட்டு ஊர் போவதற்கான தோலை உலகத்துக்கு நெடுநாள் கொடுத்தது இந்த மண். ஒரு மோரிஸ் மைனரின் வயரைக் கையில் எடுக்கும்போது இது என் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அந்தத் தோலுக்கு எஞ்சின் அறை கொடுமையான இடம். ரப்பர் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் தேடிப் பிடித்து அறுக்கிறது. சூடும் எண்ணெயும் அதற்குத் துணை. அறுபது வயதான ரப்பர் வயரை விரலால் வளைத்தால் தோல் உதிர்ந்து செம்பு வெளியே தெரியும். அசைக்காதவரை ஓடிக்கொண்டிருந்த கார், யாரோ நல்லெண்ணத்தோடு வயர்களை ஒதுக்கிக் கட்டிய மறுநாள் புகைவது இப்படித்தான். பின்னால் வந்த பிவிசி உறைக்கு இந்த ஓசோன் பகை இல்லை. ஆனால் அதை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் ஆண்டுக்கணக்கான சூட்டில் வெளியேறிவிட, அதுவும் விறைத்துப்போகும். என் முடிவு இது: பிவிசி வயரானால் சோதித்துப் பார்த்து நல்லதை வைத்துக்கொள்ளலாம், ரப்பர் வயரானால் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் முழுக்கட்டையும் மாற்றிவிட வேண்டும். பழைய முறைப்படியே நூல் பின்னலோடு செய்த புதிய கட்டுகள் இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கின்றன.

இனி மூட்டுகள். இரண்டு உலோகத் தகடுகளை அழுத்தி வைத்தால் அவை முழுப் பரப்பிலும் தொடுவதாக நினைக்கிறோம். நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். சில மேடுகளின் நுனிகள் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். மின்சாரம் முழுதும் அந்தச் சில நுனிகள் வழியாகத்தான் போகிறது. நம் தீவின் காற்று அங்கே புகுகிறது. கடல் உப்பு தானே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். செம்பும் இரும்பும் உப்பு ஈரத்தில் சேர்ந்து இருந்தால் அது ஒரு சிறு பேட்டரியாகி, இரும்பு அரிக்கப்படும். நுனிகள் ஒவ்வொன்றாகத் துருவால் மூடப்படும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் ஈரம் இழைகளுக்கு நடுவே ஊர்ந்து, உறைக்கு உள்ளே வெகுதூரம் போய்விடும். அந்த வயரை எங்கே சீவினாலும் செம்பு கருத்துக் கிடக்கும், ஈயப்பற்று ஒட்டாது.

இதன் விலை என்ன என்று கணக்குப் போடலாம். இரண்டு முகப்பு விளக்குகளும், வயரைக் காரின் பாடியோடு சேர்க்கும் ஒரே எர்த் போல்ட்டைப் பகிர்ந்துகொண்டு 10 ஆம்பியர் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தப் போல்ட்டில் துருவால் வந்த மின்தடை 0.1 ஓம் மட்டுமே. அங்கே 1 வோல்ட் தொலைகிறது. இழை விளக்கின் வெளிச்சம் வோல்ட்டைவிட மிக வேகமாகக் குறையும்; 12 வோல்ட்டில் 1 போனால் வெளிச்சத்தில் கால் பங்கு போய்விடும். தொலைந்த சக்தி 10 வாட் வெப்பமாக அந்தப் போல்ட்டைச் சுட, துரு இன்னும் வளரும். ஸ்டார்ட்டருக்கு 150 ஆம்பியர் வேண்டும் என்பதால், 0.01 ஓம் இருந்தாலே 1.5 வோல்ட் காணாமல் போகும். சிக்னல் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து துடிப்பது, காலையில் எஞ்சின் சோம்பலாகச் சுற்றுவது, இப்படிப் பேய் பிடித்தாற்போன்ற கோளாறுகளில் பெரும்பாலானவை எர்த் கோளாறுகளே. ஆகவே அனுபவமுள்ள வயர்மேன் புதிய வயரைத் தொடுவதற்கு முன் எர்த் போல்ட்டுகளைக் கழற்றி, தகட்டை மின்ன மின்னச் சுரண்டி, இறுக்கிக் கிரீஸ் பூசுவார். பல கார்களுக்கு அதுவே போதுமானதாகிவிடும்.

எர்த் விஷயத்தில் இன்னொன்று: மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய ரேடியோவையோ அலாரத்தையோ இதை அறியாமல் மாட்டினால் அது அந்த இடத்திலேயே போய்விடும்.

வயர்ச் சிக்கலைப் பிரிக்க நமக்குக் கிடைத்த பெரிய உதவி, பெர்மிங்காமின் லூகாஸ் நிறுவனம் வகுத்த நிற ஒழுங்கு. அம்பாசடர் கார் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடிய காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் மூலம் அந்தப் பெயர் பழக்கமானது. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, சாவி திருப்பாவிட்டாலும் உயிருள்ளது. வெள்ளை, சாவிக்குப் பின். பச்சை, சாவிக்கும் ஃபியூஸுக்கும் பின். நீலம் முகப்பு விளக்கு, சிவப்பு பார்க் லைட், ஊதா எப்போதும் உயிருள்ள ஃபியூஸ் வழி, கருப்பு எர்த். நம் பெயரில் இனிஷியலும் பெயரும்போல, அடி நிறம் குடும்பத்தைச் சொல்லும், அதன்மேல் ஓடும் கோடு ஆளைச் சொல்லும்: நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு லோ பீம். அறுபது ஆண்டு அழுக்கில் பழுப்பும் ஊதாவும் சிவப்பும் ஒன்றாகத் தெரியும்போது, கட்டின் மேலுறைக்கு அடியில் வெளிச்சம் படாத இடத்தைப் பிரித்துப் பார்த்தால் பழைய நிறம் அப்படியே இருக்கும்.

இதனால்தான், கிடைத்த ஒரே நிறச் சுருளில் எல்லாவற்றையும் இழுத்து முடிக்கும் வேலையை என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. அன்றைக்கு அது நேர்த்தியாகத் தெரியலாம். அடுத்து பானட்டைத் திறப்பவரிடம் அது எதையும் சொல்லாது. கண்காட்சிக் கார்களில் செய்வதுபோல வயர்களை மட்கார்டுக்குள் ஒளித்து வைப்பதும் மழையில் ஓடும் காருக்கு நல்லதல்ல. ஈரம் தங்கும் இடத்தில், கை எட்டாத மூலையில் மூட்டுகள் போய் உட்காரும்.

வேலை முறை நிதானமானது. பேட்டரியைக் கழற்றி, ஒவ்வொரு நுனிக்கும் சீட்டுக் கட்டி, படம் எடுத்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, பின்னால் சேர்ந்தவற்றை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். புதுக் கட்டு எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி ஓட வேண்டும். தகட்டுத் துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். எஞ்சின் குலுங்கும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வும் வேண்டும். அந்தக் குலுக்கலுக்காகத்தான் கார் வயர் ஒற்றைக் கம்பியாக இல்லாமல் பல இழைகளாக இருக்கிறது. மைனரின் மெல்லிய வயரில் 14 இழைகள், தடித்ததில் 28, 44. நுனியில் ஈயப்பற்றைத் தாராளமாக ஊற்றினால் அந்த இழைகள் அங்கே ஒற்றைக் கம்பியாக விறைத்து, விறைப்பு முடியும் இடத்தில் ஒடிந்துவிடும். சரியான கருவியால் அழுத்திப் பிடித்த முனை, காற்றுப் புகாதபடி இறுகி நெடுங்காலம் நிற்கும்.

மைனரில் இரண்டே ஃபியூஸ்கள். முகப்பு விளக்குகளுக்கு ஃபியூஸே இல்லை. ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. நிறத்தையும் அமைப்பையும் மாற்றாமல், முகப்பு விளக்குகளுக்கு மட்டும் ரிலேயும் ஃபியூஸும் கூடுதலாகக் கொடுப்பது பழமைக்குச் செய்யும் துரோகம் என்று நான் கருதவில்லை. அறுபது வயதான சுவிட்சின் மேல் இருக்கும் 10 ஆம்பியர் சுமை ரிலேக்கு மாறிவிடும். சுவிட்ச் வழியாகச் சிறு மின்சாரமே போகும்.

எல்லாம் முடிந்ததும் பேட்டரியை நேராக மாட்டிவிடக் கூடாது. பேட்டரி முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவில் 21 வாட் பல்பு ஒன்றை இணைத்து, சாவியை அணைத்து வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து புது வயரை எரித்திருக்க வேண்டிய இடத்தில், பல்பின் வழியாக 1.75 ஆம்பியர்தான் போக முடியும். கட்டைக் கிளை கிளையாகக் கழற்றிக்கொண்டே வந்தால், எந்தக் கிளையைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அதில்தான் கோளாறு.