முழுமையைக் காணும் பொறியியல்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

ஓர் ஆலையில் கொதிகலன் நன்றாக இயங்கலாம். குழாய்கள் ஒழுகாமல் இருக்கலாம். ஒவ்வோர் எந்திரமும் தன் வேலையைச் செவ்வனே செய்யலாம். ஆயினும் அந்த ஆலை நட்டத்தில் ஓடலாம். அதன் கழிவு ஓர் ஆற்றையே பாழாக்கலாம். உறுப்புகள் யாவும் நலமாக இருந்தும் உடல் நோயுறுவது எதனால்? இக்கேள்விக்கு விடை தேடும் துறையே செயல்முறை அமைப்புப் பொறியியல் ஆகும். வேதிப் பொறியியலின் முதுநிலைப் படிப்பில் கற்பிக்கப்படும் இத்துறையின் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால், பஞ்சும் நூலும் சாயமும் சோறு போடும் கொங்கு மண்ணில் பிறந்த நமக்கு இது அயலான துறை அன்று. அதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறை பிறந்த கதை

வேதிப் பொறியியல் நெடுங்காலம் தனித்தனிச் செயல்களைப் பற்றிய படிப்பாகவே இருந்தது. காய்ச்சி வடித்தல், ஆவியாக்கல், உலர்த்தல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடம் இருந்தது. கணிப்பொறி வந்த பிறகு இந்நிலை மாறியது. ஆலை முழுவதையும் சமன்பாடுகளின் தொகுதியாக எழுதி, அத்தொகுதியைக் கணிப்பொறியைக் கொண்டு தீர்க்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. இம்முயற்சியில் முன்னின்றவர் இலண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் ரோஜர் சார்ஜென்ட் (1926–2018). அவரை இத்துறையின் தந்தை என்றே போற்றுகின்றனர். 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபோது, எரிபொருளைச் சிக்கனம் செய்ய வேண்டிய கட்டாயம் உலகெங்கும் எழுந்தது. அது இத்துறைக்கு உரமாயிற்று. 1982-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் இத்துறையின் முதல் பன்னாட்டு மாநாடு கூடியது. 1989-இல் இம்பீரியல் கல்லூரியில் இதற்கெனவே ஓர் ஆய்வு மையம் அமைந்தது.

என்ன கற்பிக்கிறார்கள்?

முதலாவது பாடம், ஆலையைக் கணிதமாக எழுதுதல். உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு, மீதம் எங்கே தங்குகிறது என்று பொருளுக்கும் வெப்பத்துக்கும் கணக்கு எழுத வேண்டும். வீட்டு வரவு செலவு எழுதத் தெரிந்தவர்க்கு இதன் அடிப்படை புரியும். வகைக்கெழுச் சமன்பாடுகள் இங்கேதான் உயிர் பெறுகின்றன.

இரண்டாவது, கட்டுப்படுத்துதல். கீழ்பவானி வாய்க்கால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுடையது. பவானிசாகரில் மதகைத் திறந்த உடனே கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடாது. கடைமடை காய்கிறதே என்று பதறி மதகை மேலும் மேலும் உயர்த்தினால், பின்னர் நீர் வந்து சேரும்போது கரை தாங்காது. ஆலையின் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் இதே தாமதம் உண்டு. தாமதத்தைக் கணக்கிட்டு, எப்போது, எவ்வளவு திருத்துவது என்று முடிவு செய்யும் கலையே கட்டுப்பாட்டியல்.

மூன்றாவது, உகந்ததைத் தேர்தல். ஓர் ஆலையில் 'இக்கருவியை வைப்பதா, வேண்டாமா' என்ற முடிவுகள் 10 இருந்தால், அமைப்பு வகைகள் 1,024 ஆகும். முடிவுகள் 20 ஆனால் 10 இலட்சத்தைத் தாண்டும். 30 ஆனால் 107 கோடியைத் தாண்டும். ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க மனித ஆயுள் போதாது. சிறந்ததைத் தேடிக் கண்டுபிடிக்க ஒருபடித் திட்டமிடலும் முழுஎண் திட்டமிடலும் துணை செய்கின்றன. 'கணிதம் படித்து என்ன பயன்?' என்று கேட்போருக்கு இது ஒரு நல்ல விடை.

நான்காவது, பகுதிகளை ஒன்றோடொன்று இணைத்தல். ஓரிடத்தில் எரிபொருள் செலவிட்டு ஒன்றைச் சூடாக்குகிறோம். பக்கத்திலேயே தண்ணீர் செலவிட்டு மற்றொன்றைக் குளிர்விக்கிறோம். இவ்விரண்டையும் இணைத்தால் எரிபொருளும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். எந்த வெப்பத்தை எங்கே தருவது என்பதற்கு முறையான வழியை 1970-களின் இறுதியில் வகுத்தவர்களுள் போடோ லின்ஹாஃப் முக்கியமானவர்.

திருப்பூர் தரும் பாடம்

இனி நம் ஊருக்கு வருவோம். பருத்தித் துணியில் வினைபடு சாயங்கள் நன்றாக ஏறுவதற்கு உப்பு ஏராளமாக வேண்டும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியேறிவிடுகிறது. 1990-களில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன. ஆனால் கரைந்த உப்பை அகற்றவில்லை. அது நொய்யலில் இறங்கி, பாசனத்துக்காக 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. வயலுக்கு நீர் தரவேண்டிய அணை சாயக்கழிவுத் தொட்டியாயிற்று. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் 2003-இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். இறுதியில் 2011 ஜனவரி 28 அன்று, சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு நீதிமன்றம் ஆணையிட்டது.

என் தந்தை அப்போது ஒரு சாயப்பட்டறையில் கூலி வேலை பார்த்தவர். என் மாமா அணைக்குக் கீழே தோட்டம் வைத்திருந்தவர். பட்டறைகள் ஓடியதால் ஒரு வீட்டுக் கிணறு கெட்டது. பட்டறைகள் மூடியதால் மற்றொரு வீட்டு அடுப்பு அணைந்தது. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. பட்டறை ஒன்று, ஆறு வேறு, கிணறு வேறு என்று பிரித்துப் பார்த்ததன் விளைவை இரு குடும்பங்களும் சுமந்தன.

ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையின்மீது பட்டறைகள் பின்னர் திறந்தன. ஆர்.ஓ. என நாம் அழைக்கும் சவ்வு முறையில் நல்ல நீரைப் பிரித்து, மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கும் முறை பரவியது. இங்கேதான் நம் துறையின் பார்வை தேவைப்படுகிறது. விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம். 100 லிட்டர் கழிவுநீரில் லிட்டருக்கு 6 கிராம் வீதம் 600 கிராம் உப்பு இருப்பதாகக் கொள்வோம். சவ்வு 85 லிட்டர் நல்ல நீரைத் தந்தால், மீதி 15 லிட்டரில் உப்பின் செறிவு லிட்டருக்கு 40 கிராம் ஆகும். இந்த 15 லிட்டரையும் வற்றக் காய்ச்சி உப்பாக்கி, அதே உப்பை மறுபடியும் நீரில் கரைத்துச் சாயத் தொட்டியில் ஊற்றுவது ஒரு வழி. சாயத் தொட்டிக்கு லிட்டருக்கு 60 கிராம் செறிவு போதும் எனில், 5 லிட்டரை மட்டும் ஆவியாக்கினால், மிஞ்சும் 10 லிட்டர் அந்தச் செறிவை எட்டிவிடுகிறது. நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கிவிட்டு அதை அப்படியே பயன்படுத்தலாம். ஆவியாக்கும் நீர் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. உப்புநீரை இவ்வாறு நேரடியாகத் திருப்பிப் பயன்படுத்தும் முறை திருப்பூரிலேயே நடைமுறைக்கும் வந்திருக்கிறது.

இன்னும் ஒருபடி பின்னே போய்ப் பார்ப்போம். உப்பு மிகுந்த சாயத்தொட்டி நீரையும் உப்புக் குறைந்த அலசல் நீரையும் முதலில் ஒன்றாகக் கலப்பானேன்? கலப்பது எளிது, பிரிப்பதற்கே செலவு. சுத்திகரிப்பு நிலையத்தில் எழும் சிக்கலின் வேர் பட்டறையின் வடிகாலில் இருக்கிறது. முழுமையைக் காண்பவருக்கே இது புலப்படும்.

எனினும் சிக்கல் முற்றும் தீர்ந்துவிடவில்லை. நீரைக் காக்க விறகையும் மின்சாரத்தையும் செலவிடுகிறோம். பிரிக்க முடியாத கலப்பு உப்பும் கசடும் குவிகின்றன. இவற்றுக்கு விடை காண வேண்டியவர்கள் யார்?

நாம் சேர இயலுமா?

பி.எஸ்ஸி. முடித்தவுடன் நேராக வேதிப் பொறியியல் எம்.டெக். சேர்வது பொதுவாக இயலாது. ஆனால் கதவு அடைபட்டதாக எண்ண வேண்டா. மேல்நிலைப் பள்ளியில் கணிதம் படித்துப் பி.எஸ்ஸி. முடித்தவர்கள், நம் மாநிலத்தில் பி.இ., பி.டெக். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். மூன்றாண்டுகளில் பட்டம் பெற்று, 'கேட்' தேர்வு எழுதி, முதுநிலைக்குப் போகலாம். கேட் வழியாக எம்.டெக். சேர்ந்தோர்க்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை பல ஆண்டுகளாக வழங்கப்பட்டு வருகிறது. எம்.எஸ்ஸி. கணிதம் முடித்தோரைச் சேர்த்துக்கொள்ளும் கணினிக் கணிதம் சார்ந்த எம்.டெக். படிப்புகளும் உண்டு, அவையும் உகந்ததைத் தேரும் கலையில் கொண்டு சேர்க்கும்.

இவ்வழி நெடியது என்பதை மறைக்க விரும்பவில்லை. பி.எஸ்ஸி.க்குப் பின் மேலும் ஐந்தாண்டுகள்! முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படி ஏறிய நம் வீடுகளில், மூன்றாம் ஆண்டு முடிந்ததும் சம்பளத்தை எதிர்பார்ப்பது இயல்பு. அந்த எதிர்பார்ப்பு தவறும் அன்று. ஆனால், இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே தெரியாமல் விலகிப் போவதுதான் வருந்தத்தக்கது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் பயின்ற வெங்கட் வெங்கடசுப்பிரமணியன் பின்னர் இயற்பியலிலும் முதுநிலைப் பட்டம் பெற்று, ஆலைகளில் பிழை கண்டறியும் துறையில் உலகப் புகழ் எய்தினார். அடிப்படை அறிவியல் இத்துறைக்குத் தடை அன்று; துணையே என்பதற்கு அவர் சான்று.

மாணவ நண்பர்களே! சாயப்பட்டறையின் சூட்டையும் கிணற்று நீரின் கரிப்பையும் ஒருங்கே அறிந்தவர்கள் நாம். அந்த அறிவோடு கணிதமும் சேருமானால், பட்டறையும் வாழ, ஆறும் வாழ வழி காணும் பொறியாளர்கள் இந்த வகுப்பறைகளிலிருந்தே புறப்படுவார்கள். துறைப் பேராசிரியர்கள் இறுதியாண்டு மாணவர்க்கு இவ்வழிகளை ஆண்டுதோறும் எடுத்துரைத்தால், அதுவே பெரும் உதவியாக அமையும்.