ஒல்லிக்கும் வரும் சர்க்கரை

தொப்பை இல்லை என்ற நிம்மதி ஏமாற்றிவிடலாம். மும்பைக் குடிசைப் பகுதியில் நடந்த ஓர் ஆய்வு, தீர்வு சமையலறையிலேயே இருப்பதைக் காட்டுகிறது.

விடிவதற்கு முன்பே தாராவிச் சந்துகளில் இட்லி வேகத் தொடங்கிவிடுகிறது. சற்று நேரத்தில் பாத்திரங்கள் சைக்கிளில் ஏறி, ஹாரன் சத்தத்தோடு நகரெங்கும் புறப்படுகின்றன. சைக்கிள் மிதிப்பவர்களில் பலர் ஒல்லியானவர்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு வரும் வியாதி தங்களை அண்டாது என்று அவர்கள் நினைத்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் சர்க்கரை ஆள் பார்த்து வருவதில்லை. 2021இல் மும்பை மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் 18 சதவீதத்தினருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது.

உள்ளே நடப்பது இதுதான்: கணையத்தில் சுரக்கும் இன்சுலின் ஒரு சாவி. ரத்தத்தில் உள்ள குளுகோஸ் தசைக்குள் நுழைய அது கதவைத் திறக்கிறது. கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையைக் கொட்டிவிடாமலும் பார்த்துக்கொள்கிறது. தசையிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்தால் பூட்டு இறுகுகிறது. கணையம் கூடுதல் சாவிகளை அனுப்பிச் சமாளிக்கும். அதனால் பல ஆண்டுகள் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. கணையம் களைக்கும்போதுதான் சர்க்கரை ஏறும். சிலருக்குக் கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடிப்பது ஒரு முன்னறிவிப்பு. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தால் அது போகாது.

ஒல்லியானவருக்குக் கொழுப்பு எங்கிருந்து வந்தது? புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். உயரத்துக்கான எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. இந்தியக் குழந்தைகள் பிறக்கும்போதே எடை குறைவு, தசை குறைவு. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறைவதில்லை என்பதும் புணே ஆய்வுகளில் தெரியவந்தது.

அப்படியானால் தடுப்பு வேலை தாயின் தட்டிலேயே தொடங்க வேண்டும். மும்பைக் குடிசைப் பகுதிகளில் 2006இல் தொடங்கிய ஆய்வு அதைத்தான் செய்தது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஒரு பிரிவுப் பெண்களுக்குக் கீரை, பழம், பால் சேர்ந்த சிற்றுண்டி தினமும் தரப்பட்டது. இன்னொரு பிரிவுக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றில் செய்தது. 2016இல் வெளியான முடிவின்படி, கர்ப்பகாலச் சர்க்கரை இரண்டாம் பிரிவில் 12.4 சதவீதம், கீரை சாப்பிட்டவர்களில் 7.3 மட்டுமே.

பெரியவர்களுக்கு வழிகாட்டியது சென்னை. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். உணவுக் கட்டுப்பாடும் தினமும் அரை மணி நேர நடையும் நோய்க்கான வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. மாத்திரையின் பலனும் ஏறக்குறைய அவ்வளவே. ஏற்கெனவே உடலுழைப்பு உள்ளவர்களிடம் அதையே தொடரச் சொன்னார்கள்.

காரணம் எளிது. வேலை செய்யும் தசை, இன்சுலினை எதிர்பாராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

மாட்டுங்காவாசிகளுக்கு நடக்க ஐந்து தோட்டங்கள் உண்டு. செம்பூருக்கு டயமண்ட் கார்டன். தாராவிச் சந்தில் கைவீசி நடக்க இடமேது? ஆனால் தசைக்குத் தோட்டம் தேவையில்லை. தண்ணீர்க் குடமும் மாடிப்படியும் சைக்கிளும் போதும். ஆபத்து அடுத்த தலைமுறைக்குத்தான். அப்பா சைக்கிள் மிதித்தார். மகன் நாள் முழுக்கத் தையல் மிஷின் முன்னால், கையில் வடாபாவோடு உட்கார்ந்திருக்கிறான். சாப்பாடு மாறவில்லை, உழைப்பு போய்விட்டது.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. தையல்காரரின் டேப்பை இடுப்பில் சுற்றிப் பார்க்கலாம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தாண்டினால், எவ்வளவு ஒல்லியாகத் தோன்றினாலும், ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டியதுதான். தட்டில் சோற்றைக் குறைத்து, பருப்பையும் சுண்டலையும் கீரையையும் கூட்டலாம். தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்வதும் புகையிலையை விடுவதும் இதே கணக்கில் சேரும்.

தாராவியில் தையல்காரருக்கா பஞ்சம்? டேப் கையிலேயே இருக்கிறது. ஊராருக்கு அளவெடுப்பவர் ஒருமுறை தன் இடுப்பையும் அளந்து பார்க்கட்டும்.