துப்பாக்கிக் குழலில் ஒடுக்கு! மலிவைத் தேடிப் போனால் 7 ஆண்டு ஜெயில்!

வாட்ச் நின்று போனால் கடைத்தெருவில் ஆள் இருக்கிறது. சைக்கிள் பஞ்சரானால் மரத்தடியிலேயே ஆள் இருக்கிறது. துப்பாக்கி கெட்டுப் போனால் யாரிடம் போவது?

இந்தக் கேள்வியோடு 3 நாள் சென்னையில் அலைந்தார், ஒரு பாங்கிக் காவலாளி. முன்னாள் ராணுவ வீரர். வயது ஐம்பதைத் தாண்டியவர். சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் இருந்ததால்தான் அவருக்கு அந்த வேலை.

ஒரு நாள் மாடிப்படியில் கால் இடறியது. கையில் இருந்த இரட்டைக் குழல் துப்பாக்கி கல்படியில் மோதியது. இடது குழலின் முனை அருகே கட்டைவிரல் அகலத்துக்கு ஒடுக்கு!

"துப்பாக்கி இல்லேன்னா டூட்டி இல்லை சார். டூட்டி இல்லேன்னா வீட்டுல அடுப்பு எரியாது" என்கிறார் அவர்.

"வெட்டிடலாம்ணே!"

முதலில் அவர் போனது, தெரிந்த லேத் பட்டறைக்கு. பட்டறைக்காரர் குழலைத் தடவிப் பார்த்தார்.

"இதுக்குப் போயி ஏண்ணே கவலைப்படுறீங்க? ஒடுக்கு இருக்கிற நாலு அங்குலத்தை வெட்டி எறிஞ்சிடலாம். அரை மணி நேர வேலை. டீக்காசு குடுங்க, போதும்" என்றாராம்.

நல்ல வேளை! காவலாளி துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். தலையாட்டியிருந்தால்?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்சு இல்லாதவர் துப்பாக்கியை ரிப்பேர் செய்வதே குற்றம். உரிய லைசென்சு இல்லாமல் குழலை வெட்டிக் குட்டையாக்குவது தனிக் குற்றம். 2019-ல் சட்டம் இன்னும் கடுமையானது. இப்போது குறைந்தது 7 ஆண்டு ஜெயில். ஆயுள் தண்டனைகூடக் கிடைக்கலாம். வெட்டச் சொன்னவரும் தப்ப முடியாது.

அது வெறும் பைப் அல்ல

சட்டம் கிடக்கட்டும். உயிர்?

காவலாளிகள் தோளில் தொங்குவது பெரும்பாலும் '12 போர்' துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை நுழையும் அளவுதான் அதன் குழல். உள் அகலம் சுமார் 18½ மில்லிமீட்டர். பல துப்பாக்கிகளில் முனை மட்டும் மயிரிழை குறுகலாக இருக்கும். இதற்கு 'சோக்' என்று பெயர். ரவைகள் சிதறாமல் போவது இதனால்தான். முனையை வெட்டினால் சோக்கும் போச்சு!

ஒடுக்கோடு சுட்டாலும் ஆபத்து. வழி அடைபட்டால் குழல் வீங்கும். வெடிக்கவும் செய்யும்.

வேட்டை போச்சு, வேலையும் போச்சு

ஒரு காலத்தில் வேட்டைக்காரர்கள்தான் இந்தத் தொழிலுக்குச் சோறு போட்டார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை நின்றது. அதோடு குழல் வேலையும் குறைந்தது.

கடைசியில், பழைய துப்பாக்கிக் கடை ஒன்றின் பின்கட்டில் கிடைத்தார் ஒரு பெரியவர். முதலில் அவர் துப்பாக்கியைத் தொடவே இல்லை. "லைசென்சைக் காட்டு தம்பி" என்றார். ரிஜிஸ்தரில் நம்பரை எழுதினார். பிறகுதான் குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

குழலின் கன அளவைக் கருவி வைத்துப் பார்த்தார். உள்ளே சரியாகப் பொருந்தும் இரும்புக் கட்டையைச் செருகினார். வெளியே சிறு சுத்தியலால் 'டொக் டொக்' என்று மெல்லத் தட்டினார். குடத்துக்கு ஒடுக்கு எடுப்பது போலத்தான். ஆனால் கை தவறினால் குழல் போய்விடும்!

"அப்படியே கறுப்பு ஏத்திடுங்க ஐயா" என்று காவலாளி கேட்டார்.

"ரெண்டு குழலையும் சேர்த்துப் பிடிக்கிறது ஈயப் பற்று. கொதிக்கிற உப்புத் தொட்டியில முக்கினா பற்று கரைஞ்சிடும். முக்கித் தர்றேன்னு எவனாவது சொன்னா ஓடி வந்துடு" என்றார் பெரியவர்.

கூலி? டீக்காசைவிடப் பல மடங்குதான். ஆனால் புதுத் துப்பாக்கி வாங்கும் செலவு மிச்சம்.

ஆள் தேடுகிறவர்களுக்கு

சென்னையில் போலீஸ் கமிஷனர் அலுவலகத்திலும், மாவட்டங்களில் கலெக்டர் அலுவலகத்திலும் லைசென்சு உள்ள கடை எது என்று விசாரியுங்கள். துப்பாக்கியைக் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். குழலின் கனத்தை அளந்து பார்க்காமல் கூலி பேசுகிறவரை நம்பாதீர்கள்.

காவலாளி மறுநாளே டூட்டிக்குப் போய்விட்டார். கிளம்பும்போது பெரியவர் வலது குழலையும் காட்டினாராம். உள்ளே துரு அரித்த புள்ளிகள்!

"இந்தத் தடவை தேய்ச்சு எடுத்துட்டேன். இன்னொரு தடவை தேய்ச்சா குழல் காகிதமாயிடும். அப்ப நானே சுடாதேன்னு சொல்லிடுவேன். வாரம் ஒருக்கா எண்ணெய் போடு தம்பி. அதுக்குக் கூலி கிடையாது!"