104 படி இறங்கினால் மார்சேல்ஸ்

மத்தியதரைக் கடலின் வடகரையில், பிரான்சு தேசத்தின் பெரிய துறைமுகம் மார்சேல்ஸ். கி.மு. 600 வாக்கில் கிரேக்க மாலுமிகள் வந்து குடியேறிய ஊர். மும்பையைப் போலவே, பிழைக்க வந்தவர்களால் வளர்ந்த ஊர். ஏப்ரல் மாதம் வசந்த காலம். இரண்டு நாள் கையில் இருந்தால் போதும், நடந்தே பார்த்துவிடலாம். 'மிஸ்திரால்' என்னும் வடகாற்று வீசும் நாளில் மட்டும் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே தலைகாட்ட முடியாது.

நிலையத்து வாசல்

நடையை ரயில் நிலையத்திலேயே துவக்கலாம். சேன் ஷார்ல் நிலையம் மேட்டின் மீது இருக்கிறது. 1848-ல் ரயில் வந்தது. நிலையத்திலிருந்து நகருக்குள் இறங்க 1920-களில் 104 கல் படிகள் கட்டினார்கள். படிகளின் கீழே இருபுறமும் இரண்டு பெண் சிலைகள் சாய்ந்து கிடக்கின்றன. ஒன்று பிரான்சின் ஆசியக் காலனிகளைக் குறிப்பது. மற்றது ஆப்பிரிக்கக் காலனிகளை. சிலை வைத்த நாளில் நம் புதுச்சேரியும் காரைக்காலும் அந்த ஆசியக் கணக்கில்தான் இருந்தன.

பழைய துறைமுகம்

படி இறங்கி இருபது நிமிடம் நடந்தால் பழைய துறைமுகம். காலையில் போனால் மீனவர்கள் பிடித்து வந்த மீனை அங்கேயே மேசை போட்டு விற்பதைக் காணலாம். இன்று இங்கு நிற்பவை மீன்படகுகளும் உல்லாசப் படகுகளும்தான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின், கீழ்த்திசைக் கப்பல்களுக்கு மார்சேல்ஸ் முக்கியத் துறையாயிற்று. 1910 ஜூலை 8-ல் கைதியாக 'மோரியா' கப்பலில் கொண்டுவரப்பட்ட சாவர்க்கர், இந்நகரில்தான் கடலில் குதித்து நீந்திக் கரையேறிப் பிடிபட்டார். அந்த வழக்கு ஹேக் நகரின் சர்வதேச நடுவர் மன்றம் வரை போய், 1911-ல் பிரிட்டனுக்குச் சாதகமாக முடிந்தது.

துறைமுகத்தின் வடபுறம் 'லெ பனியே' என்னும் பழைய பேட்டை. குறுகிய சந்துகள், செங்குத்தான படிகள், ஜன்னலுக்கு வெளியே காயும் துணிகள். அதன் கீழ்ப்பகுதியில் மட்டும் புதுக் கட்டடங்கள் நிற்கின்றன. காரணம் உண்டு. 1943 ஜனவரியில் ஜெர்மானியப் படையும் பிரெஞ்சுப் போலீசும் சேர்ந்து சுமார் 20,000 பேரை அங்கிருந்து வெளியேற்றினர். யூதர்கள் பலர் வதை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். பிறகு சுமார் 1,500 கட்டடங்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன.

தென்புறக் குன்றின் மேல் 1864-ல் அபிஷேகமான மாதா கோயில். கோபுரத்தில் தங்க முலாம் பூசிய மாதா சிலை. உள்ளே உத்தரத்திலிருந்து சின்னச் சின்னக் கப்பல் பொம்மைகள் தொங்குகின்றன. புயலில் தப்பிய மாலுமிகளின் காணிக்கை அவை. வேளாங்கண்ணி போய் வந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

நுவாயி சந்தை

கடைசியாகப் பார்க்க வேண்டியது நுவாயி சந்தை. அல்ஜீரியா, துனிசியா, கொமொரோ தீவுகள் என்று பல நாட்டுக்காரர்கள் கூடும் இடம். மிளகாய், சீரகம், பேரீச்சை, கொத்துமல்லி எல்லாம் கிடைக்கும்.

இதன் அருகே ஒபாஞ் தெருவில் 2018 நவம்பர் 5-ஆம் தேதி காலையில் இரண்டு பழைய கட்டடங்கள் இடிந்து விழுந்தன. எட்டுப் பேர் மாண்டனர். கதவு மூட முடியவில்லை, சுவரில் விரிசல் என்று குடியிருந்தவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அதன்பின் நகரெங்கும் அபாயமான வீடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். ஊரே திரண்டு வீதியில் இறங்கி நியாயம் கேட்டது.

மழைக்காலத்தில் மும்பைச் சால்களில் உத்தரத்தைப் பார்த்தபடி படுத்துப் பழகியவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. மார்சேல்சில் மாதா கோயிலையும் துறைமுகத்தையும் காட்டப் பலகைகள் உண்டு. ஒபாஞ் தெருவுக்கும் ஒரு நடை போய் வந்தவரே அந்த ஊரை முழுதாகப் பார்த்தவர்.