பாண்டான் இலை ஏன் பசியைக் கிளப்புகிறது?

மலேசியாவின் பாச்சாங் பக்கம் சிலர் காரில் வாசனைப் புட்டிக்குப் பதிலாக முடிச்சுப் போட்ட பாண்டான் இலையை வைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் அதுதான் உசத்தி. ஒரே தொல்லை, ஏறியதுமே வயிற்றைக் கிள்ளும்!

காரணம், இலை வாட வாட எழும் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற வேதிப்பொருள். பாஸ்மதிச் சோற்றின் மணமும் இதுதான் என்று பட்டரி என்ற வேதியியலாளரின் குழுவினர் 1980-களின் தொடக்கத்தில் காட்டினார்கள். நூறு கோடிப் பங்கு தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். மோப்பச் சேதி, உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் மூளைப் பகுதிகளுக்குக் குறுக்கு வழியில் போய்ச் சேருகிறது. யோசிக்குமுன்பே அம்மா வடித்த சோறு ஞாபகம் வருவது அதனால்தான்.

மலேசியக் காட்டில் வாழும் பிந்துரோங் என்ற விலங்கின் சிறுநீரிலும் இதே பொருள் உண்டு. பாண்டான் இலை போட்டுச் சமைத்த நாசி லெமாக் சோற்றைச் சாப்பிடும்போது மட்டும் இதை யாரிடமும் சொல்லாதீர்கள்.